வத்தல் பாய்க்கு அடியில் பதினாறு பேர்

போன மாதம் என் மகள் அந்தப் பழைய இசைத்தட்டின் அட்டையைச் செல்போனில் படம் பிடித்தாள். எதையோ தொட்டாள், எதையோ தள்ளினாள். "இந்தாம்மா, தாத்தாவோட பாட்டு இதுதான?" என்று போனை என் கையில் கொடுத்தாள். கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில், நான் பிறப்பதற்கு முன்னால், கோட்டும் சூட்டும் போட்ட பதினாறு பேர் ஊதி வைத்த பாட்டு அருப்புக்கோட்டையில் என் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். எல்லாம் அதேதான். ஆனால் ஊதுகுழல்கள் எல்லாம் சேர்ந்து எழும்புகிற அந்த இடம் வந்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. பாட்டு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. என்னுடைய பதினாறு பேரும் அந்த இடத்தில் தள்ளாடுவார்கள். கள் குடித்தவர்கள் வரப்பில் நடப்பதைப் போல ஒரு சாய்வு சாய்ந்துதான் நிமிர்வார்கள்.

"என்னம்மா, நல்லா இல்லையா?" என்றாள் மகள்.

"நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் கோளாறு" என்றேன்.

அந்தத் தள்ளாட்டத்தை அவர்களுக்குக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது. திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அய்யா ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் பாட்டுப் பெட்டி, பேட்டரி, இரண்டு பெரிய ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாவற்றையும் மொட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். ஊரிலேயே உயரமான மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவார். இறங்கி வந்து ஊசியைத் தட்டில் வைப்பார். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு அந்த ஊரில் யாரும் ரகசியம் பேச முடியாது.

அந்த வெளிநாட்டுத் தட்டு அய்யாவுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. பெண்ணின் வாப்பா வெகுகாலம் பினாங்கில் கடை வைத்திருந்து திரும்பியவர். எல்லோருக்கும் அவர் பினாங்குக்காரர். நிக்காஹ் முடிந்து சாப்பாடெல்லாம் அடங்கிய பிறகு அவர் உள்ளே போய், பனியனுக்குள் எதையோ மறைத்துக் கொண்டுவருகிறவர் மாதிரி, அந்தத் தட்டைக் கொண்டுவந்தாராம். "எம் தட்டு ஒண்ணு இருக்கு, போடுவீகளா?" என்று கேட்டாராம். அய்யா போட்டார். பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பினாங்குக்காரர் மட்டும் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, காலால் தாளம் போட்டார். முடிந்ததும் தட்டை உறையில் போட்டு அய்யாவிடமே நீட்டிவிட்டார்.

"எங்க வீட்டுல இதக் கேக்க ஆளு இல்ல தம்பி. ஒங்க கொழாயில நாலு ஊரு கேக்கட்டும்."

அட்டையில் அந்தப் பதினாறு பேரும் வெள்ளைக் கோட்டுப் போட்டு வரிசையாக இருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததைவிட அவர்களைப் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்திருந்தேன். நீட்டி மடக்குகிற குழலை வைத்திருந்தவர் துரட்டிக்காரர். ஆட்டுக்குக் குழை இழுக்கிற துரட்டி மாதிரியே இருக்கும். கன்னம் உப்ப ஊதுகிறவர் பல்வலிக்காரர். மேசை மாதிரிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் கணக்குப்பிள்ளை. கையில் ஒரு குச்சியோடு நடுவில் சும்மா நின்றவருக்குத்தான் எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஒருநாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தா நிக்கிறாரே, அவருதான் ஒங்கய்யா. எல்லாரையும் ஊத விட்டுட்டு, தான் வாயத் தொறக்காம நிக்கிறாக."

அம்மா அந்தப் படத்தை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

எந்த ஊருக்குப் போனாலும் அய்யா முதலில் அந்தத் தட்டைத்தான் போடுவார். மற்ற ரேடியோ செட்காரர்கள் எல்லாரும் பிள்ளையார் பாட்டில் தொடங்குவார்கள். அய்யாவிடம் கேட்டால், கீழ்ச்சத்தம் மேல்சத்தம் எல்லாம் அதில் இருக்கிறது, குழாய் கிழிந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். ஊர்ப் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள். "என்னப்பா, பிள்ளையாருக்கு முன்னால வெள்ளக்காரனா?" என்பார்கள். "பிள்ளையாரு வர்ற பாதையத்தான் கூட்டிக்கிட்டு இருக்காங்க" என்பார் அய்யா. வெளியூர்களில் அவர் இப்படிப் பேசுவார் என்பதையே மற்றவர்கள் சொல்லித்தான் நாங்கள் கேள்விப்பட்டோம். வீட்டில் அவர் பேச்சைச் சிறுசேமிப்பில் போட்டு வைத்திருந்தார்.

அம்மாவும் அய்யாவும் நேருக்கு நேர் பேசி நான் கண்டதில்லை. நான்தான் நடுவில் தபால்காரி. அய்யா நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "ஒங்கய்யாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. நான் திரும்பி, "அய்யா, சாப்பிட வாங்க" என்பேன். "கொழம்பு என்னன்னு கேளு" என்பார் அய்யா. காது கேட்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் எதற்கு என்று யோசித்து, இருவரும் சண்டை போட்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே போட்ட பெரிய சண்டை. சண்டைக்குக் காரணம் அந்தத் தட்டு.

அப்படி நினைக்க எனக்கு ஆதாரம் இருந்தது. எங்கள் பக்கம் மறைக்க ஒன்றும் கிடையாது. கரிசல் வெளியும் கருவேலங்காடும்தான். மூன்று நான்கு மைலுக்கு அந்தப் பக்கம் குழாய் கட்டினாலும் காற்று கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்தப் பாட்டு கேட்டதும் அம்மா, "வந்துட்டானுங்க, தகரத்த உருட்டிக்கிட்டு" என்பாள். என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவாள். உலக்கை என்றால் உலக்கை, களைக்கொட்டு என்றால் களைக்கொட்டு, கையில் பிடித்தபடி அசையாமல் நிற்பாள். பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த குத்து விழும். இவ்வளவு வெறுப்பா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அதற்கு முந்தின வருடம் பந்தல்குடிப் பக்கத்து ரேடியோ செட்காரர் ஒருவர் குழாய் கட்டப் புளியமரத்தில் ஏறி விழுந்து இறந்துபோனார். அம்மா துக்கம் கேட்கப் போய்விட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அய்யாவிடம் அதைப் பற்றி என் மூலமாகக்கூட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அய்யாவும் எதுவும் கேட்கவில்லை.

மாசி மாதம் மாமா வீட்டில் காதுகுத்து வந்தது. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் வீடு. அதே நாளில் நரிக்குடிச் சாலையில் ஓர் ஊர்க் கல்யாணத்துக்கு அய்யா வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அம்மாவின் தபால் நீளமாக இருந்தது.

"எங்கண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வர நேரமில்லன்னா, அந்தப் பதினாறு பேரோடயே குடும்பம் நடத்தச் சொல்லு. அந்தத் தட்டு தொலஞ்சாத்தான் இந்த வீடு வெளங்கும்."

கடைசி வரியை நான் அய்யாவிடம் சேர்க்கவில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டேன். தொலைய வேண்டியதுதானே, நாமே தொலைத்துவிட்டால் போயிற்று. சாயங்காலம் அய்யா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, தகரப் பெட்டியில் மேலாக இருந்த அந்தத் தட்டை அட்டையோடு எடுத்தேன். வாசலில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் அம்மா வத்தலை நடுவில் குவித்துச் சாக்குப் போட்டு மூடிவிடுவாள், பாயைச் சுருட்ட மாட்டாள். பாயின் ஓரத்தைத் தூக்கிப் பதினாறு பேரையும் அடியில் தள்ளினேன். இரண்டு தும்மல் வந்தது. அதோடு சரி.

மறுநாள் விடிய அய்யா வண்டிக்காரனோடு வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அம்மா வத்தலைப் பரப்பினாள். கல்யாணமும் காதுகுத்தும் அதற்கு மறுநாள்தான் என்பதால், மாமா வீட்டுக்கு நாங்கள் சாயங்கால பஸ்ஸில் போவதாக இருந்தோம். வெயில் ஏறியது. பக்கத்து வீட்டு அத்தை முறத்தோடு வந்து பேசிக்கொண்டிருந்தாள்.

காற்றில் குழாய்ச் சத்தம் வந்தது. அம்மா வழக்கம்போல அப்படியே நின்றாள். வந்தது பிள்ளையார் பாட்டு.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பாள் என்று. அம்மாவின் கையிலிருந்த வத்தல் கீழே விழுந்தது.

"இது என்ன மதினி?" என்றாள் அம்மா.

"என்னன்னா? பிள்ளையாரு பாட்டு. இன்னைக்குத்தான் அண்ணன் ஒழுங்காப் போட்டிருக்காக."

"அவுக போட்டதில்ல இது. அவுகன்னா அதத்தான் மொதல்ல போடுவாக. வண்டிக்காரன் போட்டிருக்கான்."

"யாரு போட்டா என்ன? அதான் பாட்டு கேக்குதே."

"பாட்டு கேக்குது. அவுக கேக்கலையே" என்றாள் அம்மா.

அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தாள். அதற்கடுத்த பாட்டுக்கும் காத்திருந்தாள். கையில் ஒட்டிய வத்தல் தூசியைக்கூடத் துடைக்காமல், "வத்தலப் பாத்துக்கோங்க மதினி, வாரேன்" என்று புறப்பட்டுவிட்டாள். அய்யாவோடு சண்டை போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய கவலை எனக்கு இருந்தது. அத்தை பாயைச் சுருட்டினால் தட்டு வெளியே வந்துவிடும். அம்மா செருப்பைத் தேடிய நேரத்தில் தட்டை உருவி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"பையில என்ன?"

"சிலேட்டு."

கல்யாண வீட்டுக்குச் சிலேட்டு எதற்கு என்று கேட்க அம்மாவுக்கு நேரமில்லை.

கண்மாய்க்கரை தாண்டியும் அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை. நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அம்மா தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். "மரத்துல ஏறயில செருப்பக் கழத்தினாகளோ என்னமோ... காலையில வெறும் நீச்சத்தண்ணிதான் குடிச்சாக... தல சுத்தியிருக்குமோ..." எதிரே ஆட்டுமந்தையோடு ஒரு பெரியவர் வந்தார். அம்மா அவரை நிறுத்திக் கேட்டாள்.

"அய்யா, கலியாண ஊருலருந்தா வாரீக? ரேடியோக்காரரப் பாத்தீகளா?"

"பாட்டுக் கேட்டேன் தாயி. ஆளப் பாக்கல. மரத்தடியில கூட்டமா இருந்துச்சு, நான் ஆட்டப் பாத்துக்கிட்டு வந்துட்டேன்."

கூட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா ஒற்றைக் கருவேல மர நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. நான் செய்த உதவிக்கும் அந்த அழுகைக்கும் ஏதோ தொடுப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. என்ன தொடுப்பு என்று தெரியவில்லை. பையைத் திறந்து மடியில் வைத்தேன்.

"அம்மா, அழுகாத. அந்தப் பாட்டு இனி வராது. நான் எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன்."

அம்மா அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"எப்ப எடுத்த?"

"நேத்துச் சாயங்காலம்."

"அப்ப அவுக... தேடியிருப்பாக. காணாமத்தான் பிள்ளையாரப் போட்டிருக்காக."

முதுகில் விழப்போகிற அடிக்குத் தயாராக நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், முகத்தில் வத்தல் தூசி, அதனால் எரிச்சல், அதற்கு நடுவில் சிரிப்பு. "கிறுக்கச்சி, கிறுக்கச்சி" என்றாள். என்னைச் சொன்னாளா தன்னையே சொல்லிக்கொண்டாளா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. தட்டை உறையிலிருந்து உருவினாள். பாய்க்கு அடியில் வெயிலில் காய்ந்ததில் அது எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போவோமா?" என்றேன்.

"பாதி தூரம் வந்தாச்சு. குடுத்துட்டே போவோம்" என்றாள். ஆளைக் கண்ணால் பார்க்காமல் திரும்ப அவளுக்கு மனசில்லை. முடியை ஒதுக்கிக்கொண்டாள். எச்சில் தொட்டு என் முகத்தையும் துடைத்துவிட்டாள்.

கல்யாண ஊரில் ஒரு வேப்பமரத்தடியில் சிறுவர் கூட்டத்துக்கு நடுவே அய்யா நாற்காலியில் இருந்தார். கை, கால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. காலடியில் தகரப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. தட்டுகள் எல்லாம் வெளியே இறைந்து கிடந்தன. அத்தனையையும் கலைத்துத் தேடியிருக்கிறார். அழைக்காத ஊர்க் கல்யாணத்துக்குப் பெண்சாதி நடந்து வருவதென்றால் சும்மா இல்லை. அய்யா எழுந்து நின்றுவிட்டார். அம்மா பத்தடி தள்ளி நின்றாள். நான் வழக்கமான இடத்தில், நடுவில் நின்றேன்.

"எதுக்கு வந்தாகன்னு கேளு" என்றார் அய்யா.

"தட்ட மறந்து வச்சுட்டுப் போயிட்டாக, குடுக்க வந்தோம்னு சொல்லு" என்றாள் அம்மா.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அய்யா அட்டையை வாங்கி மோந்து பார்த்தார். ஒரு பெரிய தும்மல் போட்டார். என்னைப் பார்த்தார், அம்மாவின் சிவந்த கையைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தத் தட்டைப் போட்டார்.

ஊசி மேடு ஏறிப் பள்ளம் இறங்கியது. துரட்டிக்காரரும் பல்வலிக்காரரும் எழும்பி ஊதுகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு சாய்வு சாய்ந்தார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்னண்ணே, வெள்ளக்காரனுக்கு வாந்திபேதியா?" என்றான் ஒருவன்.

"மூணு மைலு வெயில்ல நடந்து வந்திருக்காங்கப்பா. சும்மாவா?" என்றார் அய்யா. சொல்லும்போது அவர் பார்வை தட்டின் மேல் இல்லை.

அப்போதுதான் நான் மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு குழாய் கல்யாணப் பந்தலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மற்றது ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கருவேலங்காட்டைப் பார்த்து இருந்தது. அங்கே வீடு இல்லை, கோயில் இல்லை, ஒரு ஆட்டுக்கிடைகூட இல்லை. இவ்வளவு வருடம் தொழில் செய்கிறவர் இப்படியா கட்டுவார்?

"அய்யா, அந்தக் கொழாய் தப்பாத் திரும்பியிருக்கு. அங்கிட்டு ஆளே இல்ல" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் குழாயைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது, வத்தல் தூசி இன்னும் எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"மோரு குடிச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார் அய்யா.

"காதுகுத்துக்கு நாங்க மட்டும் போய்க்கிறோம்னு சொல்லு. கலியாணத்த நல்லபடியா முடிச்சுட்டு, மரத்துல பாத்து ஏறி, கொழாயப் பைய, மெதுவாக் கழட்டிக்கிட்டு வரச் சொல்லு" என்றாள் அம்மா.

இரண்டு தபாலையும் சேர்த்தேன்.

திரும்பி நடந்தோம். அய்யா அந்தத் தட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போட்டார். கல்யாண வீட்டில் யாராவது வந்து சண்டை போட்டிருப்பார்கள், நிச்சயம். யாருமில்லாத காட்டைப் பார்த்துத் தப்பாகக் கட்டிய அந்தக் குழாய்ச் சத்தம் ஒற்றைக் கருவேல மரம் தாண்டியும், கண்மாய்க்கரை தாண்டியும் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. போகும்போது அவ்வளவு வேகமாகப் போன அம்மா, வரும்போது மிக மெதுவாக நடந்தாள். பதினாறு பேரும் தள்ளாடுகிற இடம் வந்த போதெல்லாம் நின்றே விட்டாள். பாவம், கால் வலிக்கிறது என்று நினைத்து, அவள் கையைப் பிடித்து வீட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தேன்.